குற்றவாளி சுவிட்சா?

- மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்



ஆண்டு மலர் என்றதும் ஆளுக்கொரு காதல் கவிதையோடு ஆசிரியர் குழுவைத் தேடி ஓடுகிறீர்கள். எனக்குக் கவிதை வராது. வந்ததெல்லாம் ஒரு ரேடியேட்டர் ஃபேன். அதுவும் சுத்தாத ஃபேன்! அந்த ஃபேனால் நாங்கள் இழந்தது 6,400 ரூபாய், ஒரு ஹெட் கேஸ்கெட், கொஞ்ச நாளைக்கு ஒரு நல்ல நண்பன். "ஒரு ஃபேன் சுத்தாததுக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். இது ஃபேனைப் பற்றி மட்டும் எழுதியதல்ல. பழுது வந்தால் நாம் யார் மேல் பழி போடுகிறோம் என்பதைப் பற்றியும்தான்.

வண்டி பிறந்த கதை

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் தென்னந்தோப்பு. அங்கே ஒரு பழைய கொட்டகை. முதலாண்டு விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, "நாமே ஒரு கார் கட்டினா என்ன?" என்று ஆரம்பித்தோம். உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து, மாருதி 800 எஞ்சின் ஒன்றைப் பிடித்தோம். 796 சி.சி., மூன்று சிலிண்டர். 1983-ல் இந்தியச் சாலைக்கு வந்த அந்தக் கார் 2014-ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் அதன் எஞ்சின் இன்னும் பலரைக் கற்க வைக்கிறது. சதுரக் குழாயை வெட்டி, வெல்டிங் அடித்து, சேஸிஸ் கட்டினோம். ரேடியேட்டர் வேறொரு வண்டியுடையது. ஃபேன் இன்னொரு வண்டியுடையது. சீட்டு? அதைக் கேட்காதீர்கள், பழைய டவுன் பஸ் சீட்டு!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. எங்கள் வண்டி தோப்பைத் தாண்டியதில்லை. தென்னை மரங்கள்தான் எங்களுக்கு டிராஃபிக் போலீஸ்.

இந்த எஞ்சினுக்கு பெல்ட்டில் சுத்தும் ஃபேன் கிடையாது, மின்சார ஃபேன். கூலன்ட் சூடானால் தெர்மோ சுவிட்ச் ஒட்டும், ரிலே இழுக்கும், ஃபேன் சுத்தும். சூடு இறங்கினால் சுவிட்ச் விடும், ஃபேன் நிற்கும். எங்கள் கையில் கிடைத்த சுவிட்சின் மேல் 92 - 87 என்று பொறித்திருந்தது. 92 டிகிரியில் ஒட்டி, 87-ல் விடும் என்று அர்த்தம். உள்ளே இருப்பது இருவேறு உலோகத்தை ஒட்டிய சின்னத் தட்டு. சூட்டில் அது 'டக்'கென்று எதிர்ப்பக்கம் வளைகிறது. அவ்வளவுதான் மாயம்.

ரேடியேட்டர் கடை அண்ணன் பித்தளைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு புஷ் பற்றவைத்துக் கொடுத்தார். சுவிட்சை அதில் முடுக்கினோம். தோப்பு வரப்பில் குலுங்குமே என்று ரேடியேட்டரை நாலு ரப்பர் புஷ்ஷின் மேல் உட்கார வைத்தோம். என்ன அக்கறை! அந்த அக்கறையில்தான் வினையும் ஒளிந்திருந்தது.

மூன்று சுவிட்ச், ஒரு தீர்ப்பு

முதல் ஓட்டம். 15 நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் முக்கால் தாண்டியது. ஃபேன் மூச்சு விடவில்லை. ஆஃப் செய்தோம். ஃப்யூஸ் பார்த்தோம், நல்லா இருக்கு. ஃபேனை நேராக பேட்டரியில் கொடுத்தோம், பறக்குது. பிறகு சுவிட்சின் வயரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, அந்த வயரை சேஸிஸில் தொட்டோம். ரிலே 'டக்' என்றது, ஃபேன் 'ஹூம்' என்று கிளம்பியது.

"சுவிட்ச் போச்சுடா!" என்று நாலு பேரும் ஒரே குரலில் தீர்ப்பு எழுதினோம்.

புது சுவிட்ச் வாங்கினோம். அதே கதை. "டூப்ளிகேட் குடுத்துட்டாங்கடா" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு கடையில் மூன்றாவது வாங்கினோம். இந்தத் தடவை கூலன்ட் கசியக்கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி முடுக்கினோம். ம்ஹூம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்தக் கதைதான்.

கடைசியில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். டேஷ் போர்டில் ஒரு டோக்கிள் சுவிட்ச் வைத்து 'டைரக்ட்' கொடுத்துவிட்டோம். முள் ஏறினா போடு, இறங்கினா அணை. பிரச்சினை தீர்ந்தது! தலைவலிக்குத் தலையணையை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களில் ஒருவன் வண்டியை எடுத்தான். தோப்புக்குள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உருட்டிக்கொண்டிருந்தான். எதிர்க்காற்றே இல்லாத ஓட்டம். பேச்சு சுவாரஸ்யத்தில் டோக்கிளைப் போட மறந்துவிட்டான். வெள்ளைப் புகை கிளம்பியதும்தான் எங்களுக்கே தெரிந்தது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி! ஹெட் கேஸ்கெட் காலி. ஹெட்டைத் தட்டையாக்க மெஷினிங், புது கேஸ்கெட், ஆயில், கூலன்ட் என்று 6,400 ரூபாய். அதில் பாதி, ஒருவன் தேர்வுக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணம்.

"உன்னாலதான்டா எல்லாம்! ஒரு சுவிட்ச் போடத் தெரியல, நீயெல்லாம் டிப்ளமோ படிக்கிற!" என்று சொன்னது வேறு யாருமல்ல, நான்தான்.

அவன் பதிலே பேசவில்லை. துணியில் கையைத் துடைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் இரண்டு மாதம் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வகுப்பிலும் முன் பெஞ்சுக்கு மாறிவிட்டான்.

ஒரே ஒரு கேள்வி

மெஷினிங் முடிந்த ஹெட்டை வாங்க லேத் பட்டறைக்குப் போனபோது, அங்கே இருந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் கதையைச் சொன்னேன். எட்டாவது வரைக்கும் படித்தவர். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த சுவிட்ச்சுல ஒரு வயருதான வருது? இன்னொரு வயரு எங்க?"

"ஒரு டெர்மினல்தாண்ணா இருக்குது."

"செரி, கரண்டு ஒரு பக்கமா போயி எங்க திரும்பும்? நல்லா ரோசன பண்ணிப் பாருங்க."

பேருந்தில் வரும்போது யோசித்தேன். பொள்ளாச்சி வருவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஒற்றை டெர்மினல் சுவிட்சுக்கு இரண்டாவது டெர்மினல் அதன் உடம்புதான்! உடம்பு மரை வழியாக ரேடியேட்டரைத் தொடுகிறது. ரேடியேட்டர் எதைத் தொடுகிறது? நாலு ரப்பர் புஷ்ஷை. மேலும் கீழும் ரப்பர் ஹோஸ். கம்பெனி வண்டியில் இந்த மாதிரி சுவிட்ச் எஞ்சின் உலோகத்திலேயே உட்கார்ந்தால் எர்த் தானாகக் கிடைத்துவிடும். நாங்கள் அதைக் கொண்டுவந்து ரப்பர் மெத்தையில் படுக்க வைத்திருந்தோம். போதாததற்கு மரையில் டெஃப்லான் டேப் வேறு!

அப்படியென்றால் எங்கள் சோதனை பொய்யா? இல்லை. சோதனை சரி, தீர்ப்புதான் தப்பு. வயரை சேஸிஸில் தொட்டபோது நாங்கள் சுவிட்சை மட்டும் தாண்டவில்லை. சுவிட்ச், அதன் எர்த் இரண்டையும் சேர்த்தே தாண்டினோம். இரண்டு பேர் மேல் சந்தேகம் இருக்க, ஒருவனை மட்டும் தூக்கில் போட்டுவிட்டோம். அதுவும் மூன்று தடவை!

சாம்பார் சட்டியில் நிரூபணம்

இந்தத் தடவை யூகம் வேண்டாம் என்று முடிவு. கெமிஸ்ட்ரி லேப் தெர்மாமீட்டரை இரவல் வாங்கினோம் (அனுமதியோடுதான்!). அம்மாவின் சட்டியில் தண்ணீர் வைத்து, மூன்று சுவிட்சையும் நூலில் கட்டி, டெர்மினல் நனையாமல் தொங்கவிட்டோம். மல்டிமீட்டரின் ஒரு முனை டெர்மினலில், மறுமுனை சுவிட்சின் உடம்பில்.

"ஏன் சாமி, சாம்பார் வெக்கிற சட்டியில என்னத்தடா வேக வெக்கிற?" என்றார் அம்மா.

92-ஐ ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக 'பீப்... பீப்... பீப்'. அடுப்பை அணைத்தோம். சூடு இறங்க இறங்க, 87 பக்கம் வந்ததும் மூன்றும் விட்டன. மூன்று சுவிட்சும் நிரபராதிகள். 'டூப்ளிகேட்' என்று நான் திட்டிய கடைக்காரரும் நிரபராதி.

கொட்டகைக்குப் போனோம். ரேடியேட்டருக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்தோம். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான ஓம். எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, ரேடியேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே வோல்ட் பார்த்தோம். 92 தாண்டியதும் மீட்டர் 12-க்கு மேல் காட்டியது! சுவிட்ச் ஒட்டி, ரிலே காயில் வழியாக வந்த மின்சாரம் ரேடியேட்டர் வரைக்கும் வந்து, போக வழியில்லாமல் நிற்கிறது.

ஒரு முழ நீள வயர். ஒரு முனை ரேடியேட்டர் பிராக்கெட்டில், மறுமுனை பெயின்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டில். மரையில் டேப்பை எடுத்துவிட்டு செம்பு வாஷர். எஞ்சினை மறுபடி ஓட்டினோம். முள் ஏறியது... ஏறியது... 'டக்!' ஃபேன் கிளம்பியது. யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றது. நாங்கள் மூன்று பேரும் கத்திய கத்தலில் தோப்பில் இருந்த மயில்களெல்லாம் பறந்துவிட்டன.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட் எழுதிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, தப்பு எர்த் வயர்ல இருந்துச்சுடா. உன் மேல இல்ல. நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் சுவிட்ச் போட மறந்தது நெசந்தானடா," என்றான்.

"மறக்கறது மனுசன் கொணம்டா. மறந்தா எஞ்சின் போற மாதிரி வண்டிய கட்டுனது நாம நாலு பேரும்தான."

மறுநாள் கொட்டகைக்கு வந்தான். அந்த டோக்கிளைக் கழற்றியதும் அவன்தான்.

கூட்டாளிகளுக்கு என் பட்டியல்

ஃபேன் சுத்தவில்லையா? பாகத்தை வாங்க ஓடாதீர்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. முதலில் காகிதம். ஒயரிங் டயகிராமை வரையுங்கள். மின்சாரம் கிளம்பும் இடத்திலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் இடம் வரை கோடு வர வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு மேனுவல் கிடையாது, நீங்கள் வரைவதுதான் மேனுவல். நாங்கள் அன்றே வரைந்திருந்தால் ரேடியேட்டரில் கோடு அறுந்து நிற்பது கண்ணில் பட்டிருக்கும்.

2. ஃப்யூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது. இரண்டு பக்கமும் வோல்ட் பாருங்கள்.

3. ஃபேனை நேராகக் கொடுத்துப் பாருங்கள். சுத்தும் திசையையும் பாருங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் ஃபேன் சுத்தும், காற்று எதிர்ப்பக்கம் போகும்.

4. ரிலேயில் 30, 87 பெரிய கரண்டுக்கு. 85, 86 காயிலுக்கு. ஃபேன் 8, 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. காயிலுக்கோ கால் ஆம்பியர் கூட வேண்டாம். ஃபேனின் முழுச் சுமையைச் சின்ன சுவிட்சின் தலையில் ஏற்றினால் அதன் முனைகள் கருகும். ரிலே இருப்பது அதற்காகத்தான்.

5. சுவிட்சின் வயரை முதலில் சுவிட்சின் உடம்பிலேயே தொடுங்கள். ஃபேன் சுத்தினால் எர்த் சரி, சுவிட்சைச் சந்தேகப்படலாம். சுத்தாவிட்டால் அப்புறம் சேஸிஸில் தொடுங்கள். அங்கே சுத்தினால் தப்பு எர்த்தில். இந்த ஒரு கூடுதல் தொடுதலை நாங்கள் அன்று செய்திருந்தால் 6,400 ரூபாய் மிச்சம்.

6. சுவிட்சும் நல்லது, எர்த்தும் நல்லது, இருந்தும் ஒட்டவில்லையா? சுவிட்ச் இருக்கும் இடத்தில் காற்று அடைத்திருக்கலாம். அது கூலன்டில் மூழ்கினால்தான் சூட்டை உணரும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் முகத்தில் பாயும். ஃபேனிடம் கை வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் கிளம்பும்.

டோக்கிள் சுவிட்சே பாவமா? இல்லை. நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர டைரக்ட் கொடுங்கள், தப்பில்லை. தெர்மோ சுவிட்சுக்கு இணையாகத் துணைக்கும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்தபிறகும் அதையே வைத்தியம் என்று நம்புவதுதான் தப்பு. நோய் எது, அதன் மூலம் எது என்று பார்த்தபின் வைத்தியம் செய்யச் சொன்னார் வள்ளுவர். நாம் மூலத்தை விட்டுவிட்டு டோக்கிள் வைக்கிறோம்!

லேபில் பழுது எங்கே?

இப்போது நம் கதைக்கு வருவோம். மூன்று வருடமாக லேபில் என்ன செய்கிறோம்? நல்ல ரிலே, நல்ல மோட்டார், சரியாக இணைத்த போர்டு. ரீடிங் எடு, டேபிளில் எழுது, கிராஃப் போடு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் இன்னும் சுலபம். வைவாவில் "ரிலே என்றால் என்ன?" என்று கேட்டால் ஒப்பிக்கிறோம். எனக்கும் அதில் நல்ல மார்க்தான். ஆனால் "இன்னொரு வயரு எங்க?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, எட்டாவது படித்த அண்ணனுக்குத் தோன்றியது. வெளியே போனால் நமக்குச் சம்பளம் தரப்போவது ஓடுகிற மெஷினுக்கா, நின்ற மெஷினுக்கா?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர் ஜி.டி. நாயுடு. அதுதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. வகுப்பில் வருடக்கணக்காக உட்கார வைப்பது வீண் என்று வாதாடியவர் அவர். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற வருடங்களிலாவது கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டாமா?

"இப்ப வர்ற வண்டியில எல்லாம் ஈ.சி.யூ பாத்துக்கும், இதெல்லாம் பழைய கதை" என்று ஒரு நண்பர் சொன்னார். ஈ.சி.யூவுக்கும் எர்த் வேண்டும் நண்பரே! மின்சாரக் கார் வந்தாலும் ரேடியேட்டர் ஒழிந்துவிடவில்லை. பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிரவைக்க ரேடியேட்டரும் ஃபேனும் இருக்கின்றன. பாகம் மாறும், போன மின்சாரம் திரும்பி வர வேண்டும் என்ற விதி மாறாது.

எனவே நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒரு பிளைவுட் பலகை, ஒரு பழைய ஃபேன், ஒரு ரிலே, ஒரு தெர்மோ சுவிட்ச், ஒரு ஃப்யூஸ் பாக்ஸ். இவ்வளவு போதும். பலகைக்குப் பின்னால் பத்து விதமான பழுதுகளை மறைத்து வைக்கலாம். வாரம் ஒரு நாள், வகுப்பு முடிந்தபின், ஆளுக்கு அரை மணி. பழுதைக் கண்டுபிடித்தால் மட்டும் மார்க் இல்லை. எந்தச் சோதனை எதை நிரூபித்தது என்று எழுதினால்தான் மார்க். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். தெர்மோ சுவிட்சும் என் செலவுதான். என்னிடம் இரண்டு உபரியாகவே இருக்கிறது!

தோழர்களே, நாளை நம்மில் சிலர் சூபர்வைசர் ஆவோம், சிலர் சொந்தப் பட்டறை வைப்போம். ஒரு மெஷின் நிற்கும். பக்கத்தில் ஒரு ஹெல்ப்பர் பையன் பயந்துபோய் நிற்பான். "உன்னாலதான்டா" என்று சொல்ல வாய் துடிக்கும். அப்போது ஒரு நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரை எடுங்கள்.